இரண்டு சதவீதங்களுக்கு இடையிலான மாற்றம்: எக்செல் தாளில் விடை பிழைத்தால் எங்கே பார்ப்பது?

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி தாண்டிவிட்டது. புறக்கோட்டையில் எங்கள் அலுவலக ஜன்னலுக்குக் கீழே நாட்டாமைமார் கடைசி லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒருக்கா இதைப் பாருங்கோ. வற் வரி 15இல் இருந்து 18 ஆனது. எக்செல் மைனஸ் 82 சதவீதம் என்று சொல்லுது."

(வற் என்பது பெறுமதி சேர் வரி.) சூத்திரத்தில் ஒரு சோடி அடைப்புக்குறி விடுபட்டிருந்தது. போட்டோம், 20% என்று வந்தது. வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் நகரவில்லை. "இருபதா? மூன்று தானே கூடினது?"

அந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. அடைப்புக்குறி விடுபடுவது தாளில் உள்ள பிழை, ஒரு நிமிடத்தில் திருத்தலாம். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் சூத்திரம் போடுவது தாளில் தெரியாத பிழை. சிவப்பு எழுத்தும் வராது, எச்சரிக்கையும் வராது. அறிக்கையில் ஏறி, மேலதிகாரியின் வாயில் ஏறி, கடைசியில் விலைப்பட்டியலில் போய் உட்காரும். இரண்டு வகையும் கீழே இருக்கின்றன. உங்கள் தாளில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். நேரம் இருந்தால் "20ஆ, 3ஆ" என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

ஏற்பாடு இதுதான்: பி நிரலில் பழைய வீதம், சி நிரலில் புதிய வீதம், டி நிரலில் மாற்றம். முதல் நிரை தலைப்பு, இரண்டாம் நிரையிலிருந்து எண்கள். சூத்திரங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தாளில் அடிக்கும்போது செல் பெயர்களையும் (பி2 என்றால் B2) ரவுண்ட் (ROUND), இஃப் (IF) போன்ற கட்டளைகளையும் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஒபிஸ் மூன்றிலும் இவை வேலை செய்யும், மெனு மட்டும் இடம் மாறும்.

அடிப்படைச் சூத்திரம்:

=(சி2-பி2)/பி2

## விடை −82% போல ஒரு பெரிய மைனஸ் எண்ணாக வருகிறது

தங்கச்சியின் தாளில் இருந்தது =சி2-பி2/பி2. கழித்தலுக்கு முன் வகுத்தல் நடக்கும். பி2/பி2 எப்போதும் 1. ஆகவே தாள் செய்தது 0.18 − 1, அதாவது −82%.

கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: வந்த விடையோடு 100ஐக் கூட்டிப் பாருங்கள். புதிய வீதம் அப்படியே வந்தால் இந்தப் பிழைதான். −82உடன் 100 சேர்ந்தால் 18.

நான் பெரும்பாலும் =சி2/பி2-1 என்றுதான் எழுதுவேன். விடை அதேதான், அடைப்புக்குறி தேவையில்லை, மறக்கவும் ஒன்றுமில்லை. கடைசியில் உள்ள −1ஐ விட்டால் மட்டும் 120% என்று வரும். அது "புதியது பழையதின் 120%" என்பது, "120% கூடியது" என்பதல்ல.

## 0.2 என்று வருகிறது, அல்லது 2000% என்று வருகிறது

0.2 வந்தால் கணக்கு சரி, செல்லுக்குச் சதவீத வடிவம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

2000% வந்தால் இரண்டு தரம் நூறால் பெருக்கியிருக்கிறீர்கள். சூத்திரத்தில் ஒருமுறை *100, சதவீத வடிவம் கொடுத்தபோது இன்னொரு முறை. சதவீத வடிவம் இருக்கிற செல்லில் *100 வேண்டாம். பள்ளிக்கூடத்தில் "நூறால் பெருக்கு" என்று படித்த கை தானாகவே அதை அடித்துவிடும்.

## 11,900% போல நம்பமுடியாத எண்

இங்கே பழைய வீதம் ஒரு விதமாகவும் புதிய வீதம் இன்னொரு விதமாகவும் உள்ளே இருக்கிறது. பி2இல் 15% என்று இருப்பது தாளுக்கு 0.15. சி2இல் ஒருவர் வெறும் 18 என்று அடித்துவிட்டார். 18இலிருந்து 0.15ஐக் கழித்து 0.15ஆல் வகுத்தால் 119, சதவீதமாக 11,900.

இரண்டு செல்லையும் தெரிவு செய்து சாதாரண எண் வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் 0.15, 0.18 என்று வரவேண்டும். ஒன்று 18 என்று நின்றால் அதுதான் ஆள். அதற்கு அப்படியே சதவீத வடிவம் கொடுத்தால் 1800% ஆகும், தீராது. ஒன்றிரண்டு செல் என்றால் 18% என்று குறியோடு திரும்ப அடியுங்கள். முழு நிரலும் அப்படியென்றால், எக்செலில் ஒரு காலிச் செல்லில் 100 என்று அடித்துப் பிரதி செய்து, அந்த எண்களைத் தெரிவு செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ், டிவைட் இரண்டையும் தேர்ந்து ஒட்டுங்கள். இடையில் உள்ள காலிச் செல்களைச் சேர்க்காதீர்கள், அவற்றில் 0 வந்து உட்காரும். ஷீட்ஸில் பக்கத்து நிரலில் =சி2/100 போட்டு இழுப்பது எளிது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வீதம் அடிக்கும்போது எப்போதும் % குறியோடு அடிப்பது. அலுவலகத்தில் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதை ஒன்றைத்தான்.

## 20ஆ, 3ஆ? விடை வந்துவிட்டது, ஆனால் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை

வற் வரி 2024 ஜனவரி 1ஆம் திகதி 15%இலிருந்து 18% ஆனது. இந்த ஒரே மாற்றத்துக்கு மூன்று விடை இருக்கிறது. மூன்றும் சரி.

முதலாவது, நேரே கழிப்பது. 18இல் 15 போனால் 3. ஆனால் இது மூன்று சதவீதமல்ல, மூன்று சதவீதப் புள்ளி. சூத்திரம் =(சி2-பி2)*100.

இரண்டாவது, பழையதோடு ஒப்பிடுவது. மூன்றைப் பதினைந்தால் வகுத்தால் 20%. சூத்திரம் =சி2/பி2-1. ஒரு பில்லில் வரிக்கென்று உள்ள வரியை மட்டும் பார்த்தால் இது புரியும். வரி நீங்கலாக ரூபா 1,000 பொருளுக்கு முன்பு 150 ரூபா வரி, பிறகு 180. வரித்தொகை 20% கூடியிருக்கிறது.

மூன்றாவது, வாங்குகிறவரின் கையிலிருந்து போகும் காசு. அதே பொருளுக்கு முன்பு மொத்தம் 1,150, பிறகு 1,180. முப்பதை 1,150ஆல் வகுத்தால் 2.61%. சூத்திரம்:

=(1+சி2)/(1+பி2)-1

இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். வெள்ளவத்தையில் உடுப்புக்கடை வைத்திருக்கிற எங்கள் உறவுக்கார மாமா ஒருவர், வரி மாறிய கிழமை விலைப்பட்டியல் முழுவதையும் 1.03ஆல் பெருக்கிவிட்டார். "வரி மூன்று சதவீதம் கூடிவிட்டது பிள்ளை, அதைத்தான் போட்டேன்" என்றார். அவர் மனதில் ஒரு சதம் கூட அநியாயமாக எடுக்கும் எண்ணம் இல்லை. ஆனால் 1,150 ரூபா உடுப்பு 1,184 ரூபா 50 சதம் ஆகியிருந்தது. இருக்கவேண்டியது 1,180. நாலரை ரூபா சின்னக் காசுதான். பெருநாள் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் அந்தக் கடைக்கு வருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அன்று இரவே உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினோம்.

2022 செப்டெம்பர் 1ஆம் திகதி 12%இலிருந்து 15% ஆனபோதும் கூடியது அதே மூன்று புள்ளிதான். ஆனால் பழையதோடு ஒப்பிட்டால் 25%, பில்லில் 2.68%. புள்ளி ஒன்றாக இருந்தும் மற்ற இரண்டும் மாறுகின்றன. அதனால்தான் "மூன்று கூடியது" என்பது தனியே போதாது.

எதை எங்கே போடுவது? வீதத்தை வீதத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிற இடத்தில் புள்ளி. கட்டவேண்டிய வரித்தொகை, வட்டித்தொகை எவ்வளவு கூடும் என்று கேட்டால் இரண்டாவது. விலைப்பட்டியல், பில் என்றால் மூன்றாவது. வற் வரி சேராத பொருளுக்கு மூன்றாவது சூத்திரத்தைப் போடாதீர்கள்.

மத்திய வங்கி தன் அறிக்கைகளில் இந்தக் குழப்பத்துக்கு இடமே வைப்பதில்லை. "அடிப்படைப் புள்ளி" என்று எழுதுவார்கள். நூறு அடிப்படைப் புள்ளி ஒரு சதவீதப் புள்ளி. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி கொள்கை வட்டி வீதங்களை 700 அடிப்படைப் புள்ளிகளால் உயர்த்தினார்கள், அதாவது ஏழு சதவீதப் புள்ளி. தாளில் அப்படி வேண்டுமென்றால் =(சி2-பி2)*10000.

புள்ளிக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. *100 போடாமல் வெறுமனே கழித்துச் சதவீத வடிவத்தில் விட்டால் செல் "3%" என்று காட்டும். பார்க்கிறவர் மூன்று சதவீதம் கூடியது என்றே படிப்பார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே *100 போட்டு, கன்ட்ரோல் 1 அழுத்தி, நம்பர் பகுதியில் கஸ்டம் என்பதற்குப் போய் இப்படி அடியுங்கள்:

+0.00" புள்ளி";-0.00" புள்ளி";0.00" புள்ளி"

இரட்டை மேற்கோளுக்குள் தமிழ் தாராளமாக வரும். செல்லில் "+3.00 புள்ளி" என்று தெரியும், உள்ளே எண் எண்ணாகவே இருக்கும், கூட்டலாம், கழிக்கலாம். நிரல் தலைப்பிலும் வெறும் "மாற்றம்" என்று எழுதாதீர்கள். எங்கள் தாள்களில் இப்போது "மாற்றம், புள்ளியில்", "மாற்றம், பழையதில் %", "பில்லில் விளைவு %" என்று மூன்று நிரல் இருக்கிறது. தங்கச்சி சொல்லித்தான் அதைத் தொடங்கினோம்.

## 20% வரவேண்டிய இடத்தில் 16.67% வருகிறது

புதியதால் வகுத்திருக்கிறீர்கள். மூன்றைப் பதினெட்டால் வகுத்தால் 16.67. எப்போதும் பழையதால்தான் வகுக்கவேண்டும். நிரல்கள் இடம் மாறிய தாள்களில் இது அடிக்கடி நடக்கும், சிலர் புதிய மாதத்தை இடப்பக்கம் வைப்பார்கள்.

பின்னோக்கிப் போகும்போதும் இதே பிழைதான். புதியது 18%, 20% கூடியது என்று தெரியும், பழையது எது? பதினெட்டில் 20% கழித்து 14.4 என்று எழுதுவார்கள். சரியானது =சி2/(1+டி2), விடை 15.

## 7% ஆக இருந்தது 14% ஆனது, தாள் 108% என்கிறது

இரட்டிப்பானால் 100% தானே? சரியான சந்தேகம். ஆனால் தாளும் சரிதான். மேலே சொன்ன 2022 ஏப்ரலில் துணைநில் வைப்பு வசதி வீதம் (வங்கிகள் மத்திய வங்கியில் வைக்கும் பணத்துக்குக் கிடைக்கும் வட்டி) 6.50%இலிருந்து 13.50% ஆனது. செல்லில் தசமத்தை மறைத்துவிட்டால் கண்ணுக்கு 7%, 14% என்று தெரியும். தாள் கணக்குப் போடுவது உள்ளே இருக்கும் 6.5ஐயும் 13.5ஐயும் வைத்து. ஏழை ஆறரையால் வகுத்தால் 107.69%, அதையும் முழு எண்ணாகக் காட்டியதால் 108.

தீர்வு, தசம இடத்தைக் கூட்டுகிற பொத்தானை இரண்டு தரம் அழுத்துவது. வட்டி வீதத்துக்கு எப்போதும் இரண்டு தசமம் வையுங்கள். கால் புள்ளி, அரைப் புள்ளி எல்லாம் அங்கே பெரிய விஷயம்.

"அறிக்கையில் தசமம் வேண்டாம், ஆனால் எண்கள் ஒத்துப்போகவேண்டும்" என்று மேலிடம் சொன்னால் =ரவுண்ட்(சி2,2)/ரவுண்ட்(பி2,2)-1 என்று போட்டு 100% எடுக்கலாம். நான் அப்படி அனுப்பமாட்டேன், அது உண்மையான மாற்றம் அல்ல. ரவுண்ட் பற்றி இன்னொன்று: தாளுக்கு 13.85% என்பது 0.1385. அதில் 2 என்று போட்டால் 14% ஆகிவிடும். சதவீதத்தில் இரண்டு தசமம் காக்க 4 என்று போடவேண்டும்.

எக்செலில் "திரையில் தெரிகிறபடியே துல்லியம்" என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் 6.5ஐ நிரந்தரமாக 7 ஆக்கிவிடும், திரும்ப எடுக்க முடியாது.

## குறைந்திருக்கவேண்டும், ஆனால் பெரிய பிளஸ் எண் வருகிறது

பழைய எண் மைனஸாக இருந்தால் இப்படி ஆகும். எங்கள் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 2024 செப்டெம்பரில் −0.5%, 2025 பெப்ரவரியில் −4.2%. சூத்திரத்தில் போடுங்கள்: −4.2இலிருந்து −0.5ஐக் கழித்தால் −3.7. அதை −0.5ஆல் வகுத்தால் மைனஸும் மைனஸும் சேர்ந்து +740%. பணவீக்கம் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது, தாளோ 740% ஏறியது என்கிறது.

கீழே உள்ளதை =(சி2-பி2)/ஏபிஎஸ்(பி2) என்று மாற்றினால் (ஏபிஎஸ், அதாவது ABS, மைனஸ் குறியை நீக்கும் கட்டளை) குறி சரியாகும், −740% வரும். பல இடங்களில் இதையே தீர்வாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறி திருந்தியது, பொருள் திருந்தவில்லை. பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஏறி இறங்குகிற ஒரு வீதத்தை அதாலேயே வகுத்தால் வருகிற எண் எவருக்கும் எதையும் சொல்லாது. 2024 ஓகஸ்டில் 0.5%, அடுத்த மாதம் −0.5%. சூத்திரம் −200% என்கிறது. நடந்தது ஒரே ஒரு புள்ளி. இப்படியான தொடருக்குப் புள்ளி வித்தியாசத்தை மட்டும் கொடுங்கள், சதவீத மாற்ற நிரலை எடுத்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம். 2022 செப்டெம்பரில் இதே சுட்டெண்ணின் பணவீக்கம் 69.8%, 2023 செப்டெம்பரில் 1.3%. தாளில் −98% என்று வரும். அதைப் பார்த்து "விலை 98% குறைந்துவிட்டது" என்று எழுதிய அறிக்கையை நானே திருத்தியிருக்கிறேன். விலை குறையவில்லை. ஏறுகிற வேகம்தான் குறைந்தது. 69.8% ஏறிய விலைக்கு மேலே இன்னும் 1.3% ஏறியது. அந்த ஆண்டு சந்தைக்குப் போன எவருக்கும் இது தாள் இல்லாமலே தெரியும். அந்த இரண்டு எண்ணும் ஒரே அடிப்படை ஆண்டுக்கு (சுட்டெண்ணை 100 என்று வைக்கும் ஆண்டுக்கு) உரியவையும் அல்ல, முதலாவது 2013, அடுத்தது 2021. இப்படிப்பட்ட இரண்டை ஒரே நிரலில் வைத்தால் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.

## தனித்தனி மாற்றங்களைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை

வற் வரியின் பாதையையே எடுங்கள். 2019 டிசெம்பர் 1இல் 15%இலிருந்து 8%. 2022 ஜூன் 1இல் 8%இலிருந்து 12%. அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 12%இலிருந்து 15%. டி நிரலில் வருவது −46.67%, +50%, +25%. கூட்டினால் +28.33%. ஆனால் தொடங்கியதும் 15, வந்து நின்றதும் 15. மாற்றம் பூச்சியம்.

ஒவ்வொரு சதவீதமும் வேறு வேறு அடியிலிருந்து அளந்தது, அதனால் கூட்ட முடியாது, பெருக்கவேண்டும்:

=(1+டி2)*(1+டி3)*(1+டி4)-1

0.5333, 1.5, 1.25 மூன்றையும் பெருக்கினால் 1, அதில் ஒன்று போனால் பூச்சியம். இல்லாவிட்டால் முதலாவதையும் கடைசியையும் நேரே ஒப்பிடுங்கள், அது இன்னும் சுலபம். புள்ளிகளை மட்டும் தாராளமாகக் கூட்டலாம்: −7, +4, +3, மொத்தம் 0.

## ஒவ்வொரு கிளையிலும் கூடியிருக்கிறது, மொத்தத்தில் குறைந்திருக்கிறது

இதைப் பார்த்தால் முதலில் தாளில் பிழை என்றே தோன்றும். பெரும்பாலும் பிழை இல்லை. கணக்குக்காக வைத்த எண்களோடு பார்ப்போம். ஒரு கடைக்கு இரண்டு கிளை. அட்டையில் காசு கட்டியவர்களின் பங்கைப் பார்க்கிறோம். முதல் மாதம் வெள்ளவத்தையில் 500 பில்லில் 200, அதாவது 40%. புறக்கோட்டையில் 500இல் 50, அதாவது 10%. மொத்தம் 1,000இல் 250, 25%.

அடுத்த மாதம் வெள்ளவத்தையில் 200இல் 84, 42%. புறக்கோட்டையில் 800இல் 96, 12%. இரண்டு கிளையிலும் இரண்டு புள்ளி கூடியிருக்கிறது. மொத்தமோ 1,000இல் 180, வெறும் 18%. ஏழு புள்ளி குறைவு. பில்கள் அட்டை அதிகம் பாவிக்காத கிளைக்கு நகர்ந்துவிட்டன, காரணம் அதுதான்.

இரண்டு கிளையின் வீதத்துக்கும் சாதாரண சராசரி எடுத்தவர் 25%இலிருந்து 27% என்று கண்டு, 8% கூடியது என்று எழுதுவார். உண்மை −28%. ஆகவே சதவீதங்களுக்குச் சராசரி எடுக்காதீர்கள். புதிய மாதத்தின் வீதம் சி நிரலில், பில் எண்ணிக்கை ஈ நிரலில் இருந்தால் (கட்டளைகள் SUMPRODUCT, SUM):

=சம்ப்ரொடக்ட்(சி2:சி3,ஈ2:ஈ3)/சம்(ஈ2:ஈ3)

பழைய மாதத்துக்கும் அந்த மாதத்தின் பில் எண்ணிக்கையோடு இதேபோல எடுத்து, பிறகு இரண்டு மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். பில் எண்ணிக்கை கையில் இல்லையென்றால் கிளைகளைத் தனித்தனியே கொடுத்துவிட்டு, மொத்தம் என்ற நிரையை விட்டுவிடுவது நேர்மையானது.

## #வேல்யூ! என்று வருகிறது

இணையத்தளத்திலோ பிடிஎஃப் கோப்பிலோ இருந்து வீதங்களைப் பிரதி செய்திருப்பீர்கள். கண்ணுக்கு 8.00% என்று இருக்கும், தாளுக்கு அது எழுத்து. செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். =ஐஎஸ்டெக்ஸ்ட்(பி2) ட்ரூ என்று சொன்னால் உறுதி.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் சாதாரண இடைவெளி அல்ல, வரி உடையாமல் இருக்க வலைப்பக்கங்களில் போடுகிற இடைவெளி. ட்ரிம் கட்டளை அதை எடுக்காது. இதைப் போடுங்கள் (கட்டளைகள் VALUE, SUBSTITUTE, UNICHAR):

=வேல்யூ(சப்ஸ்டிடியூட்(பி2,யூனிசார்(160),""))

மைனஸ் எண்களில் மட்டும் பிழை வந்தால் மைனஸ் குறியைப் பாருங்கள். அச்சுக்கென்று தயாரித்த கோப்புகளில் கொஞ்சம் நீளமான வேறொரு குறி இருக்கும், எக்செலுக்கு அது மைனஸ் அல்ல. யூனிசார்(8722) என்பதை "-" ஆக மாற்ற இதே சப்ஸ்டிடியூட் போதும்.

இதைவிட ஆபத்தானது பிழையே காட்டாத நிலை. ஒட்டு இல்லாத வெறும் "8%" எழுத்தாக இருந்தால் எக்செல் கழித்தலில் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும், விடை சரியாக வரும். அதே செல்லை எவரேஜ் கட்டளை கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். மூன்று மாதச் சராசரி என்று நீங்கள் நினைப்பது இரண்டு மாதச் சராசரியாக இருக்கும். பிரதி செய்த நிரலுக்குக் கீழே =கவுண்ட்(பி2:பி13) போட்டு, 12 வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வெளிநாட்டுக் கிளையிலிருந்தோ பாரிஸில் இருக்கிற சொந்தக்காரரிடமிருந்தோ வந்த ஷீட்ஸ் கோப்பில் 12.5% எழுத்தாகவே நின்றால், கோப்பின் செட்டிங்ஸில் நாடு வேறாக இருக்கிறது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. ஐக்கிய இராச்சியத்துக்கு மாற்றிவிட்டு, எழுத்தாக நின்ற செல்களைத் திரும்ப அடியுங்கள்.

## #டிவ்/0! என்று வருகிறது

பழைய வீதம் பூச்சியம், அல்லது செல் காலி. பூச்சியத்திலிருந்து 5%க்கு வந்தால் சதவீத மாற்றம் என்று ஒன்று கிடையாது, ஐந்து புள்ளி கூடியது என்று மட்டும் சொல்லலாம்.

=இஃப்(பி2=0,"பொருந்தாது",சி2/பி2-1)

இஃப்எரர் போட்டு 0 ஆக்கிவிடுகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். "மாற்றம் இல்லை" என்பதும் "கணக்கிட முடியாது" என்பதும் ஒன்றல்ல. அந்த 0 பிறகு சராசரியிலும் போய்ச் சேரும். இஃப்எரர் மற்றப் பிழைகளையும் சேர்த்து மறைத்துவிடும், மேலே சொன்ன எழுத்துப் பிரச்சினை உட்பட.

## #### என்று வருகிறது

நிரல் அகலம் போதாது. தலைப்பு எழுத்துகளுக்கு இடையிலுள்ள கோட்டில் இரண்டு தரம் சொடுக்குங்கள்.

## எல்லா நிரையிலும் ஒரே விடை

இரண்டு காரணம் இருக்கலாம். சூத்திரத்தில் $ குறி இருக்கிறதா பாருங்கள். $பி$2 என்று இருந்தால் இழுத்தாலும் அந்தச் செல்லிலேயே நிற்கும். ஒவ்வொரு ஆண்டையும் ஒரே அடிப்படை ஆண்டோடு ஒப்பிடத்தான் அது வேண்டும், மாதத்துக்கு மாதம் ஒப்பிட வேண்டாம்.

சூத்திரம் ஒவ்வொரு நிரையிலும் சரியாக இருந்தும் விடை மட்டும் அசையாவிட்டால், கணிப்பு கையால் நடக்கும் நிலையில் இருக்கிறது. எஃப்9ஐ அழுத்துங்கள், எண்கள் மாறினால் அதுதான். ஃபோர்மியூலாஸ் பட்டியில் கல்குலேஷன் ஒப்ஷன்ஸில் ஒட்டோமெட்டிக் என்று வையுங்கள். எக்செல் இந்த நிலையை அன்று முதலில் திறந்த கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் கோப்பில் ஒரு குறையும் இல்லாமல், காலையில் வேறொருவர் அனுப்பிய கோப்பைத் திறந்ததாலேயே இது நடந்திருக்கலாம். அந்தக் கோப்பையும் ஒட்டோமெட்டிக்கில் வைத்துச் சேமித்துத் திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் அடுத்த மாதக் கடைசியிலும் இதே நேரத்தில் இதே பிரச்சினை வந்து நிற்கும்.